மூன்றாம் நாள் ஜலதோஷம்

முதலில் அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள் ஐயா. எனக்காகச் சொல்லவில்லை. மூலையில் உட்கார்ந்து நான் சொல்வதை எழுதுகிறாரே ஸ்டேஷன் ரைட்டர், அவருக்கு ஜலதோஷம். நான் இங்கே உட்கார்ந்ததிலிருந்து நான்கு முறை தும்மிவிட்டார். முதல் நாள் தும்மல் சரம் சரமாக வரும். இரண்டாம் நாள் மூக்கு ஒழுகும். மூன்றாம் நாள் தும்மல் ஒற்றையாக வந்துவிட்டு, பின்னாலேயே மூக்கு கப்பென்று அடைத்துக்கொள்ளும். இவருக்கு இது மூன்றாம் நாள். பாவம், வீட்டில் கவனிக்க ஆள் இருக்கிறார்களோ என்னவோ.

அடுத்தவர் உடம்பைப் பற்றிய கவலை எனக்குக் கொஞ்சம் அதிகம். என் மனைவியைக் கேட்டால் சொல்லுவாள். இப்போது கேட்காதீர்கள், இப்போது கேட்டால் வேறு மாதிரி சொல்லுவாள்.

எங்கள் உணவகத்தில் எட்டு மேஜைகள். சமையல் மாஸ்டர் என் மனைவியின் தம்பி. என் மாமியார் கடைசிக் காலத்தில் அவன் கையைப் பிடித்து என் கையில் வைத்து, "மாப்ளே, இவனப் பாத்துக்கோங்க. சூதுவாது தெரியாத புள்ள" என்றார். அந்தக் கையை நான் இன்று வரை விடவில்லை, இதை ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும்.

அவனுக்குக் கோழி சூப் நன்றாக வரும். சாப்பிட்டவர்கள் "நல்லா இருக்கு" என்று சொல்லி வாயைத் துடைத்துக்கொண்டு போவார்கள். அப்படிப் போனவர் மறுபடி வரமாட்டார். நல்லா இருக்கு என்பதற்காக யாரும் இரண்டு தெரு தாண்டி நடப்பதில்லை ஐயா. இரண்டு வருஷம் நாங்கள் ஈ ஓட்டினோம்.

அப்புறம் ஒரு மழை வாரத்தில் அவனுக்கு ஜலதோஷம் பிடித்தது. வாசனையும் தெரியவில்லை, ருசியும் தெரியவில்லை. கரண்டியில் எடுத்து நக்கிப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான், மிளகைப் போடுவான். மறுபடி நக்குவான், இஞ்சியைத் தட்டிப் போடுவான். அப்புறம் பூண்டு, அப்புறம் மறுபடி மிளகு. அதற்குள் அடியில் லேசாகப் பிடித்துவிட்டது. அதையும் அவன் மூக்கு சொல்லவில்லை. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் மேஜையில் இருந்தவர் ஒரு வாய் குடித்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்க இருந்துய்யா இத்தன நாளா இந்த சூப்பு?" என்றார். அந்த வாரக் கடைசியில் வாசலில் வரிசை நின்றது. பத்து வருஷச் சளி போய்விட்டது என்றார் ஒருவர். எங்களுக்குப் பெயர் வந்தது.

அடுத்த வாரம் அவனுக்குச் சரியாகிவிட்டது. சூப்பும் பழையபடி நல்லா இருக்கு என்கிற நிலைக்குத் திரும்பியது. "மாஸ்டர மாத்திட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வரிசை கலைந்தது.

நான் எடுத்த எடுப்பிலேயே தப்பு வழிக்குப் போனவன் இல்லை. அதே அளவில் மிளகும் இஞ்சியும் போட்டு வைக்கச் சொன்னேன். வெறும் காரம்தான் வந்தது. ஜலதோஷம் பிடித்தவன் ஒவ்வொரு கரண்டியிலும் காணாமல் போன ஏதோ ஒன்றைத் தேடுகிறான், அந்தத் தேடலை எந்த டம்ளரில் அளப்பது? மூக்கில் துணி கிளிப்பை மாட்டிக்கொண்டு சமைக்கச் சொன்னேன். நல்ல பிள்ளை, மாட்டிக்கொண்டான். மத்தியானம் அது நழுவி அண்டாவுக்குள் விழுந்து, ஆறாம் மேஜைக்காரர் கிண்ணத்தில் போய்ச் சேர்ந்தது. அதோடு விட்டுவிட்டோம்.

ஆக, ஜலதோஷம்தான் வேண்டும், வேறு வழியில்லை. அவனுடைய பனியனைத் துவைத்து அரை ஈரத்தில் எடுத்துக் கொடுத்தேன். குடையில் இரண்டு கம்பியை ஒடித்துவிட்டு, மழை பார்த்துக் கொத்தமல்லி வாங்க அனுப்பினேன். ஈரத்தோடு வருகிறவனுக்குத் தலை துவட்ட நானே துண்டு எடுத்துக்கொண்டு நிற்பேன். அந்தத் துண்டும் ஈரம்தான். என் மனைவி அதைப் பார்த்துக் கண் கலங்கி, "கூடப் பொறந்த எனக்குக்கூட இவ்வளவு கரிசனம் இல்லையே" என்பாள்.

இருந்தாலும் பலன் அரைகுறையாகத்தான் இருந்தது. வழி காட்டியது மருந்துக்கடைக்காரப் பெண்தான். எங்கள் உணவகத்துக்கு எதிர்க்கடை. கண்ணாடி போட்டுக்கொண்டு, எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கும் பெண். ஒரு நாள் பேச்சுவாக்கில், "ஈரத்துல நனைஞ்சா சளி பிடிக்கும்னு யார் சார் சொன்னது? ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குத் தொத்துறது அது" என்றாள். எனக்குக் கண் திறந்தது. ஒரு வருஷம் குடைக் கம்பிகளை வீணாக ஒடித்திருக்கிறேன்.

மறுநாளே பலகை எழுதி மாட்டினேன். புதிதாகச் சளி பிடித்தவர்களுக்கு முதல் கிண்ணம் இலவசம். ஒரே ஒரு நிபந்தனை. குடித்து முடித்ததும் அடுப்படிக்குப் போய் மாஸ்டரின் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும். ஜனங்களுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. மூக்கைத் துடைத்த கையோடு போய் அவன் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்குவார்கள். சிலர் கட்டிக்கொள்வார்கள். அவன் கூச்சத்தில் நெளிந்து, அதே கையால் தன் மூக்கைத் தேய்த்துக்கொள்வான். நான் வாசல் பக்கத்தில் நின்று தும்மலைக் கேட்டே ஆளைத் தேர்ந்தெடுப்பேன். அந்தத் திறமை அப்படி வந்ததுதான்.

பத்து வருஷம் அவனுக்கு மூக்கு திறக்கவே இல்லை. எல்லோரும் மூக்கு மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். ஊர்ச் சளியெல்லாம் எடுக்கிற மாஸ்டருக்கே சளி போகவில்லையே என்று குடிக்க வந்தவர்கள் கேலி செய்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான். தினமும் மாத்திரை வாங்க எதிர்க்கடைக்குப் போவான். போய்ப் போய் அந்தப் பெண்மேல் ஆசை வைத்துவிட்டான். ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "மாமா, அவ என்ன சோப்பு போடறான்னுகூட எனக்குத் தெரியல மாமா. பக்கத்துல போய் நிக்கறேன், செவுத்துப் பக்கத்துல நிக்கற மாதிரி இருக்கு" என்றான். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. சோப்பின் பெயரை அவளிடம் விசாரித்து வந்து சொன்னேன். இதைவிட ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

மாத்திரைகளை நான்தான் மாற்றினேன். அட்டையிலிருந்து பிரித்துவிட்டு அதே அளவில் சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வைத்தேன். எலும்புக்கு நல்லது.

போன மாதம் அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பத்து வருஷமா ஒரு மனுஷனுக்கு எப்படிங்க ஜலதோஷம் இருக்கும்? இனிமே என் முன்னாடி முழுங்குங்க" என்றாளாம். கடையிலேயே உட்கார வைத்து ஆவி பிடிக்க வைத்தாள். யார் கையையும் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். எட்டே நாள். ஒரு காலையில் அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தான். "மாமா, வாசனை வருது மாமா!" நாற்காலியை முகர்ந்தான், தரை துடைக்கிற துணியை முகர்ந்தான், என் தோளில் முகத்தை வைத்து என்னையே முகர்ந்தான். அழுதுகொண்டிருந்தான். நானும் அழுதேன், வேறு காரணத்துக்காக.

பிறகு போய் அண்டாவில் இருந்த முந்தின நாள் சூப்பைக் கரண்டியில் எடுத்துக் குடித்தான். அப்படியே துப்பினான்.

"என்ன கண்றாவி மாமா இது? இதையா நான் ஊருக்கெல்லாம் ஊத்திக்கிட்டிருந்தேன்? ஏன் மாமா நீங்க ஒரு வார்த்த சொல்லல?"

அன்றிலிருந்து மனசுக்குப் பிடித்த மாதிரி வைக்க ஆரம்பித்தான். மெல்லிய தீயில், நேரம் எடுத்து, மணக்க மணக்க. பழைய வாடிக்கைக்காரர் இரண்டு பேர் ஏதோ குறைகிறது என்றார்கள். மற்றவர்கள் பேசாமல் குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார்கள். மரியாதைக்காகக் கேட்டிருப்பார்கள்.

இந்த நேரம் பார்த்து உணவகச் சங்கத்திலிருந்து தகவல் வந்தது. இந்த வருஷத்தின் சிறந்த சூப்புக்கான விருதுக்கு எங்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை நடுவர்கள் வருகிறார்கள். பத்து வருஷம் காத்திருந்த நாள், அடுப்பில் நிற்பவனுக்கோ மூக்கு திறந்திருக்கிறது. என் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள் ஐயா. ஈரத்தால் சளி பிடிக்காது என்று அவள் சொன்னது எனக்கு நினைவிருந்தது. குளிரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பெயர் வந்த பிறகு கட்டிய குளிரறை ஒன்று பின்பக்கம் இருக்கிறது. கோழிகளை அங்கேதான் தொங்கவிடுவோம். ஞாயிறு காலை பத்து மணிக்கு, "தம்பி, உள்ள கடைசி வரிசையில எத்தன கோழி இருக்குன்னு பாத்துட்டு வா" என்றேன். பனியனோடு போனான். கதவைச் சாத்தினேன். கதவின் உள்பக்கக் கைப்பிடி தானாகக் கழன்றிருந்தது என்று நேற்று உங்களிடம் சொன்னேன் அல்லவா, அதைத் திருத்திக்கொள்ளுங்கள். முந்தின நாள் நான்தான் கழற்றினேன். எண்ணெய் போடலாம் என்று நினைத்தேன், பிறகு என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

இருபது நிமிஷம் என்றுதான் கணக்கு. இருபது நிமிஷத்தில் தட்டினான். நல்ல பலமான தட்டல், தும்மலே இல்லை. சரி, இன்னும் ஆகவில்லை என்று விட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில், "மாமா, கதவு மாட்டிக்கிச்சு மாமா, நீங்க எங்க இருக்கீங்க? உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றான். குரல் இன்னும் தெளிவாகவே இருந்தது. ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அதற்குள் நடுவர்கள் மூன்று பேரும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அடுப்பில் இருந்தது அவன் காலையில் வைத்த சூப். வேறு வழியில்லாமல் அதையே ஊற்றிக் கொடுத்தேன்.

மூவரும் கிண்ணத்தை வழித்துக் குடித்தார்கள். வயதான நடுவர் கண்ணை மூடிக்கொண்டு காலிக் கிண்ணத்தை முகர்ந்தார். அப்புறம், "இந்த மாதிரி ஒண்ண என் வாழ்நாள்ல குடிச்சதில்ல. மாஸ்டரக் கூப்பிடுங்க, கையப் பிடிச்சு ரெண்டு வார்த்த சொல்லணும்" என்றார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மூவருக்கும் ஜலதோஷம். பாவம், நாக்கில் ருசி தெரியாமல் வந்திருக்கிறார்கள். மாஸ்டர் வேலையாக இருக்கிறார், சற்று நேரம் ஆகும் என்றேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு அந்தப் பெண் மாத்திரையும் தண்ணீருமாக வந்தாள். ரேடியோவை அணைத்தாள். தட்டல் சத்தம் இப்போது கீழே, தரைப் பக்கத்திலிருந்து, விட்டுவிட்டு வந்தது. வெளியிலிருந்து திறந்தது அவள்தான். நான் வாசலில் நடுவர்களுக்கு விடை கொடுத்துக்கொண்டிருந்தேன். அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒற்றையாக ஒரு தும்மல் தும்மினான். அந்தத் தும்மலை நான்கு நாள் முன்பே தும்மியிருக்கலாம்.

இரண்டு நுரையீரலிலும் நிமோனியா என்கிறார்கள். மனைவி ஒரே ஒரு தடவை இங்கே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "அவன் கண்ணு முழிச்சதும் மொதல்ல என்ன கேட்டான் தெரியுமா? மாமா சாப்பிட்டாரான்னு கேட்டான்" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். விருது எங்களுக்குத்தான் என்று சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொல்கிறார், ஆனால் இனி அடுப்படிக்கு அனுப்பமாட்டேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாளாம்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். பனியன், குடை, பலகை, மாத்திரை, கைப்பிடி எல்லாம் நான்தான். வேண்டுமென்றேதான் செய்தேன். இனி எந்த ஜீவனுக்கும் ஒரு தும்மல்கூட என்னால் வராது, இது சத்தியம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். அண்டாவும் அடுப்பும் சும்மாதான் கிடக்கின்றன, வாசலில் ஜனங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ரைட்டர் ஐயாவுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். கேட்கும்வரை, அந்த ஜன்னல் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்.