பன்னிரண்டாம் பழுது

ஒரு மோட்டாரை, அதன் சொந்தக்காரன் என் கையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு தும்மல் நேரத்தில் என்னால் சாகடிக்க முடியும். அடுத்த தும்மலில் உயிர் கொடுக்கவும் முடியும். மரக்காணத்திலிருந்து கடலூர் வரை இந்த வித்தை தெரிந்தவன் நான் ஒருவன்தான்; அதற்கு அப்பால் யாரும் இருப்பதாகவும் கேள்விப்படவில்லை. நம்ப மாட்டீர்கள். தேவதாசும் நம்பவில்லை.

என் பெயர் அப்துல் முத்தலிப். நாற்பத்தோரு வருஷம் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டினேன். நான் கட்டியவை இந்த ஊரில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் இரண்டு, கரண்ட் போன பிறகும் ஓடுவதாகப் பேச்சு. பேசியது நான்தான். கண் மங்கியதும் கடையை மூடினேன். மனைவி கனீஸ் பாத்திமா அதற்கு முந்தைய வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் இஃப்ஃபத் பிரான்சில். ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிஷம் பேசுவாள். பத்து என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

தேவதாஸ் குருசுக்குப்பத்தில் படகு வைத்திருந்தவன். பழைய அறுபது ஹெச்.பி. இன்ஜின் ஒன்றை வாங்கிப் படகின் பின்னால் மாட்டியிருந்தான். அந்தக் கனத்தைக் கையால் தூக்க அவன் முதுகு இடம் கொடுக்காது. அதனால் பட்டனை அழுத்தினால் இன்ஜினைத் தண்ணீரை விட்டு மேலே சாய்த்துத் தூக்குகிற டில்ட் மோட்டார் உள்ளதாகப் பார்த்து வாங்கினான். கரைக்கு வரும்போது அலையின் முதுகில் ஏறி வந்து, மணல் தட்டுவதற்கு முன் அழுத்த வேண்டும். இன்ஜின் எழும்பும், படகு வழுக்கிக் கரையேறும். எழும்பாவிட்டால் இன்ஜினின் அடிப்பாகம் மணலில் குத்தும், படகு குறுக்கே திரும்பும். மிச்சத்தை அடுத்த அலை பார்த்துக்கொள்ளும்.

ஒரு நாள் இன்ஜின் எழும்பவில்லை. யாரோ என்னைப் பற்றிச் சொல்ல, தேவதாஸ் நான் குடியிருக்கும் முல்லா வீதிக்கு வந்து என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

முதல் பழுதுக்கு நான் பொறுப்பில்லை. பட்டனை அழுத்தினால், மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலே டிக் என்றது. ஆகவே பட்டனில் குற்றமில்லை. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தால் மோட்டார் உறுமியது. ஆகவே மோட்டாரிலும் குற்றமில்லை. இரண்டுக்கும் நடுவே இருந்த இணைப்பில் பித்தளை ஊசி ஒன்று பச்சை பூத்து நழுவியிருந்தது. பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன். மூன்று நாள் தேடினேன்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மதியம் தேவதாசின் மனைவி ஜெயம் தூக்கில் சோறும் நெத்திலிக் குழம்பும் கொண்டுவந்தாள். அவள் தம்பி வேம்பு, தேவதாசோடு கடலுக்குப் போகிறவன், படகு நிழலில் எனக்குச் சாக்கு விரித்தான். பிரெஞ்சுக் கவர்னரின் மின்விசிறிக்கு நான் காயில் கட்டிய கதையைச் சொன்னேன்.

"அளக்காத பாய்," என்றான் தேவதாஸ். "வெள்ளக்காரன் கப்பல் ஏறச்சொல்ல நீ தொட்டில்ல கெடந்த."

"தொட்டில்லருந்தே கட்டுனேன்டா. கை எட்டலன்னு கவர்னரே குனிஞ்சி புடிச்சிக்கினாரு."

வேம்புவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

நான்காம் நாள் சரிசெய்தேன். அவர்கள் கடலுக்குப் போய்விட்டார்கள். பதினெட்டு நாள் என் வாசலுக்கு யாரும் வரவில்லை.

பத்தொன்பதாம் நாள், இணைப்பை ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று நானே கிளம்பிப் போனேன். அன்றும், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை சரிசெய்யும்போதும் ஊசியை அரை நெல் அளவு இழுத்து விட்டு வந்தேன். கரையில் சோதித்தால் வேலை செய்யும். கடலில் இன்ஜின் அதிர அதிரத் தானே நழுவும். இரண்டாம் வாரம் தேவதாஸ் என் வாசலில் ஹாரன் அடிப்பான். இப்படியே பதினொன்று வரை வந்தது. அத்தனை முறையும் கடல் அமைதியாகத்தான் இருந்தது. தூரத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு, வேம்பு தண்ணீரில் குதித்துத் தோள் கொடுத்துத் தூக்கிவிட்டான். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஐப்பசிக் கடைசியில், பதினோராம் பழுதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தேவதாஸ் சொன்னான்: "சென்னைலருந்து புது மோட்டாரு சொல்லிட்டேன் பாய். அடுத்த வாரம் வந்துரும். இனிமே ஒன்ன அலைய வுட மாட்டேன்."

அன்போடுதான் சொன்னான். அன்றைக்கு ஊசியை ஒரு நெல் அளவு இழுத்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான். காற்று வாடையாகத் திரும்பி, அலை உயரத் தொடங்கியிருந்தது. ஆனால் கடலைப் பார்ப்பது கடல்காரன் வேலை. நான் ஒயர் பார்க்கிறவன்.

மறுநாள் காலை அலை மேல் ஏறி வந்த படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. வேம்பு கயிற்றோடு முன்னால் நின்றிருந்தான். அவன் உடலைப் படகுக்கு அடியிலிருந்து எடுக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது. நான் சொல்லும்போது பதினைந்து பேர் என்பேன்.

"அழுத்துனேன்யா, நான் அழுத்துனேன்யா," என்று தேவதாஸ் வந்தவன் போனவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். விசாரிக்க வந்த அதிகாரி, இதைப் பார்க்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். கரை முழுக்க என்னைக் கை காட்டியது. கடையை மூடிய பிறகு அப்படி ஒரு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. நல்ல பேட்டரி ஒன்று கொண்டுவரச் சொன்னேன். குனிந்து மணலைத் தட்டினேன். தும்மினேன். அதிகாரி பட்டனை அழுத்தினார். இன்ஜின் ஒரு குறையும் இல்லாமல் நிதானமாக எழுந்தது.

தேவதாஸ் தன் கட்டைவிரலைப் பார்த்தான். அதன் பிறகு அழுத்தினேன் என்று அவன் சொல்லவில்லை. பதற்றத்தில் மறந்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஜெயம் தவளக்குப்பத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது ஒன்றுதான் கேட்டாளாம்: "ஒரு பட்டன அழுத்த முடியலயா ஒன்னால?"

எட்டு மாதமாகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு அவன் என் வீட்டுக்கு வருகிறான். நான் டீ போடுகிறேன். பொழுது சாயும்வரை இருக்கிறான். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும். ஒரே ஒரு குறை. கவர்னரின் மின்விசிறியைச் சொன்னேன், தலையாட்டினான். நிலவுக்குப் போன ராக்கெட்டில் நான் கட்டிய காயில் இருக்கிறது என்றேன். "இருக்கும் பாய்" என்றான். எதைச் சொன்னாலும் நம்புகிறவனோடு உட்கார்ந்திருப்பதற்கு, காலி நாற்காலியோடு உட்கார்ந்திருக்கலாம்.

ஆகவே போன வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்து சொன்னேன்: "தேவா, அன்னிக்கி நீ அழுத்துன. நான்தான் ஊசிய இழுத்து வுட்டிருந்தேன்."

எட்டு மாதத்தில் முதல் முறையாக அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அளக்காத பாய்."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

"என் மனசு ஆறணும்னு சொல்ற. எனக்குத் தெரியாதா? இன்ஜின் எந்திரிச்சத ஊரே பாத்துச்சே." என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒன்ன மாதிரி எனக்கு ஒருத்தனும் இல்ல பாய்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். ஆனால் என் ஆயுசிலேயே நுணுக்கமான வேலையை ஒருவன் ஆறுதல் வார்த்தை என்று ஒதுக்கினால் எப்படி விடுவது. ஆட்டோ பிடித்து அவன் வீட்டுக்குப் போனோம். இன்ஜின் கொல்லையில், மரச்சட்டத்தில், தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. பக்கத்து வீட்டில் பேட்டரி இரவல் வாங்கி மாட்டினேன்.

"என் கையவே பாரு. கண்ண எடுக்காத."

தும்மினேன். அழுத்தச் சொன்னேன். டிக் என்றது, இன்ஜின் அசையவில்லை. மறுபடி தும்மினேன். அழுத்தினான். எழுந்தது. இறக்கிவிட்டு மூன்றாம் முறை தும்மினேன். அழுத்தினான். டிக்.

அவன் பட்டனை விடவில்லை. விரல் நகம் வெளுக்கத் திரும்பத் திரும்ப அழுத்தினான். டிக். டிக். டிக். எப்படிச் செய்தேன் என்று கேட்பான், ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வரிசையாகச் சொல்லலாம் என்று பக்கத்தில் காத்திருந்தேன். கோபப்படுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே நாளில் சொல்லி முடிகிற கதையா இது. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை. பட்டனிடம்தான் பேசினான்.

"அன்னிக்கும் இதான் நடந்துச்சு," என்றான். "நான் அழுத்துனேன்."