படத்துக்குப் பின்னால் எழுதுவது

— வாசல் வரைக்கும் நடந்துட்டுத் திரும்பி வாங்க ஐயா. சும்மா, உங்க பாட்டுக்கு.

— போட்டோ ஸ்டுடியோக்குள்ளேயே நாப்பது வருஷம் நடந்த காலு, டாக்டரம்மா. இப்பத்தான் தரையோட ஒட்டிக்குது.

— திரும்புறதுக்கு அஞ்சாறு அடி எடுத்து வைக்கிறீங்க. வலது கை வீசவே மாட்டேங்குது.

— அது ஒரு சண்டிக் கை. மடியில சும்மா வெச்சா ஆடும், வேலை குடுத்தா அடங்கிடும்.

— கூட யாரும் வரலையா?

— நிழல் வந்திருக்கு.

— ஐயா...

— ஒரு பொண்ணு இருக்கா. பஸ் ஏறினா அரை மணி நேரம். எட்டு மாசமா வர்றதில்ல.

— உக்காருங்க. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டுங்க. பெருசா, வேகமா. ம்... போகப் போகச் சின்னதாகுது. வாசனையெல்லாம் தெரியுதா?

— எங்க! அடுப்புல பால் தீஞ்சு, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினாரு. ஒத்தை ஆளுக்குப் பால் எதுக்குன்னு விட்டுட்டேன்.

— இந்தத் தாள்ல ஒரு வரி எழுதுங்க. என்ன தோணுதோ அது.

— பிரிண்ட் போட்டா பின்னால யாரு, எப்போன்னு எழுதிடுவேன். இல்லன்னா பத்து வருஷத்துல யாரு என்னன்னு தெரியாமப் போயிடும். அதையே எழுதுறேன். இந்தாங்க.

— 'பேத்தி' நல்லாப் பெருசா இருக்கு. அப்புறம் எறும்பு மாதிரி ஆயிடுச்சே. படிக்க முடியல.

— 'பேத்தி, பிறந்து பத்து நாள்.' என் மடியில இருந்தா. மாப்பிள்ளை போன்ல எடுத்து எனக்கும் அனுப்பினாரு. வினையே அந்தப் படத்துலதான் வந்துச்சு.

— என்னாச்சு?

— பொண்ணு கல்யாணம் எனக்குப் பிடிக்கல. ரெண்டு வருஷம் அவகிட்ட முகம் குடுத்துப் பேசல. குழந்தை பிறந்துச்சுன்னதும் மனசு கேக்காம ஓடுனேன். படத்தைப் பார்த்துட்டு அழுதுட்டா. 'பிள்ளையை மடியில வெச்சும் உம்முன்னு இருக்கியே, உனக்கு இன்னும் ஆறலையாப்பா'ன்னா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— கோவமே இல்லம்மான்னேன். குரலு எனக்கே கேக்கல. ஆள் பொய் சொல்லுவான், படம் சொல்லாதுன்னு எல்லாருக்கும் சொன்னவன் நான். தினம் அதை எடுத்துப் பார்க்கிறேன். கல்லு மாதிரி ஒரு கிழவன் உக்காந்திருக்கான். உள்ள எங்கேயோ கோவம் கிடக்குதோன்னு எனக்கே பயம் வந்துடுச்சு டாக்டரம்மா.

— என்னைப் பாருங்க. எதிர்ல கேமரா இருக்குன்னு நினைச்சுக்குங்க. கொஞ்சம் சிரிங்க.

— அது என்னோட வசனம்!

— சரி, இன்னைக்கு நான் சொல்றேன். சிரிங்க.

— ம்.

— நல்லாச் சிரிங்க ஐயா.

— சிரிச்சுட்டுதானே இருக்கேன்.

— அப்படியே இருங்க, மாத்தாதீங்க. கை கழுவுற இடத்துல கண்ணாடி இருக்கு. வந்து பாருங்க.

— இது... அந்தப் படத்துல இருக்கிற மூஞ்சி.

— இதுக்குப் பார்க்கின்சன்னு பேரு. மூளையில சுரக்க வேண்டியது ஒண்ணு குறைஞ்சு போயிடுது. நடை, கை, எழுத்து, குரல் எல்லாம் சுருங்கும். முகத்துத் தசையும் அப்படித்தான். மனசு சிரிக்கும், முகத்துக்கு வந்து சேராது. மாத்திரை இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா கேக்கும்.

— அப்போ அன்னைக்கு, குழந்தையை வெச்சுக்கிட்டு...

— சிரிச்சுட்டுதான் இருந்திருக்கீங்க.

— நல்லாச் சிரிச்சேன்மா. கன்னம் வலிக்கிற மாதிரி இருந்துச்சு.

— உங்க பொண்ணு நம்பர் குடுங்க, நான் பேசுறேன்.

— எடுக்க மாட்டா. ஆனா படம் வந்தா பார்க்காம இருக்க மாட்டா, போட்டோக்காரன் மகளாச்சே. இப்படியே என்னை ஒண்ணு எடுத்து அவளுக்கு அனுப்புங்க. போன் படத்துக்குப் பின்பக்கம் ஏது, கீழயே எழுதிடுங்க. என் கை எழுதினா எறும்புதான் ஊரும், நீங்க பெருசா எழுதுங்க: 'அப்பா. சிரிக்கிறப்போ எடுத்தது.'