நண்டு வளை

சிவஞானம்: …அதெல்லாம் இருக்கட்டும் கொளஞ்சி. கால்ல என்னா இவ்ளோ சேறு?

கொளஞ்சி: மழை பேஞ்சா சேறு ஒட்டாம சந்தனமா ஒட்டும், வி.ஏ.ஓ. சார்? தள்ளி நில்லுங்க, சோத்த வடிக்கணும்.

சிவஞானம்: வடி, வடி. இந்தப் பள்ளிக்கூடத்துல எத்தினி குடும்பம் வந்து தங்கியிருக்குது?

கொளஞ்சி: இருபத்திரெண்டு. புள்ளைங்க மட்டும் நாப்பத்தியொண்ணு. எல்லா வூட்லயும் முழங்கால் தண்ணி.

சிவஞானம்: முந்தாநாள் உங்க தெரு வழியாத்தான் வந்தேன். உன் வூட்டு வாசல்ல கோழி மேஞ்சிக்கினு இருந்துச்சு.

கொளஞ்சி: அது முந்தாநாளு. தண்ணி நேத்து விடியக்காலைல பூந்துது.

சிவஞானம்: ராஜாங்கம் போன் பண்ணாரு. அவரு உப்பளத்து வரப்பு உடைஞ்சுதான் அந்தத் தண்ணி வந்துதாம்.

கொளஞ்சி: அளத்துல இப்ப உப்பா வெளையுது? தை பொறந்தாத்தான வேலை. அவருக்கு என்னா நட்டம்?

சிவஞானம்: நட்டத்த யாரு கேட்டா? தானா உடைஞ்சா வரப்பு கரைஞ்சிருக்கும். இது மம்பட்டி போட்டாப்ல நேரா இருக்குது. மூணு மணிக்கு ரெவின்யூ ஆபீஸ் ஆர்.ஐ. வெள்ளத்த பாக்க வர்றாரு. அவரு கண்ணுல பட்டா கேம்ப மூடிடுவாரு. மரக்காணம் ஆபீஸ் அரிசி இன்னையோட நின்னுடும். உன் சத்துணவு வேலையும் போயிடும்.

கொளஞ்சி: மழைக்கு லீவு வுட்டாங்களே, மொத நாளு… பன்னெண்டரைக்கு புள்ளைங்க தட்ட எடுத்துக்கினு கேட்டாண்ட வந்து நின்னுச்சுங்க சார். சாக்க மடிச்சு தலைல போட்டுக்கினு. பள்ளிக்கூடம் இல்லன்னா சோறும் இல்லன்னு அதுங்களுக்குத் தெரியல.

சிவஞானம்: ஸ்டோர் ரூம்ல அரிசி இருந்துச்சே.

கொளஞ்சி: இருந்துச்சு. அட்டெண்டன்ஸ் இல்லாம ஒரு படி எடுக்கக்கூடாதுன்னு சத்துணவு அமைப்பாளரம்மா சாவிய எடுத்துக்கினு போயிட்டாங்க. சாலம்மா பொண்ணு ஜான்சி, ரெண்டாங் கிளாஸ்… மூணு நாளா வெறும் டீத்தண்ணி. நாலாம் நாளு தட்டோட வந்தவ கேட்டாண்டயே சுருண்டு உழுந்துட்டா. அன்னைக்கே உங்கள வந்து பாத்தேன். என்னா சொன்னீங்க?

சிவஞானம்: என்னா சொன்னேன்?

கொளஞ்சி: 'வூட்டுக்குள்ள தண்ணி பூந்தாத்தான் கேம்ப். கேம்ப் வெச்சாத்தான் அரிசி. பசிக்குதுன்னு எழுத எங்கிட்ட ஃபாரம் இல்ல'ன்னீங்க. போன வருசம் சுனாமிக்கு மட்டும் லாரி லாரியா வந்துதே சார்.

சிவஞானம்: அதுக்கு… வரப்ப வெட்டச் சொன்னேனா நானு?

கொளஞ்சி: வெட்டுனேன்னு நான் சொன்னேனா?

சிவஞானம்: உன் வூடு மண்ணு செவுரு கொளஞ்சி. ஊறுனா உழுந்துடும்.

கொளஞ்சி: உழட்டும். தையில மண்ணு கொழச்சி எழுப்பிக்குவேன். பள்ளிக்கூடம் தொறக்க இன்னும் எட்டு நாளு இருக்குது. எட்டு நாளும் பன்னெண்டரைக்கு இங்க சோறு போட்டே தீருவேன். வேலை போனா போவட்டும். போய் எழுதிக்கோங்க.

சிவஞானம்: கத்தாத. எழுதியாச்சு. இந்தா, கேளு… 'மேற்படி உப்பளத்தின் வரப்பில் நண்டு வளை இருந்தமையால், மழைநீர் உடைத்துக்கொண்டு குடியிருப்புக்குள் புகுந்தது.'

கொளஞ்சி: நண்டு வளையா… இது எப்ப எழுதுனீங்க?

சிவஞானம்: காலைல. இங்க வர்றதுக்கு முன்னாடியே.

கொளஞ்சி: அப்ப இம்மா நேரம் என்னை ஏன் சார் நோண்டுனீங்க?

சிவஞானம்: ஆர்.ஐ. இதவிட நோண்டுவாரு. நீ உளறாம நிக்கிறியான்னு பாத்தேன்.

கொளஞ்சி: வெட்டுன எடத்த அவரு பாத்தா?

சிவஞானம்: மிதிச்சு கரைச்சு வுட்டுட்டுதான் வர்றேன். என் காலப் பாரு, உன்னத விட சேறு. ஒண்ணே ஒண்ணு மட்டும் புரியல… ஒரு வண்டி போற அகலம் வெட்டியிருக்குது. ஒண்டியா எப்பிடி வெட்டுன?

கொளஞ்சி: ஒண்டியா எங்க வெட்டுனேன்? இருபத்திரெண்டு வூட்டுப் பொம்பளைங்களும் ஆளுக்கு ரெண்டு கொத்து. அவங்கவங்க வூட்டுக்கு அவங்கவங்களே தண்ணி வுட்டுக்கினோம் சார். மொத கொத்து ஜான்சியோட அம்மா போட்டது.