ஷீலா திரும்பப் பெற்ற பெயர்

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் சத்தியநாதன் அவர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்துவிட்ட அனுபவசாலிகளான பெரியோர்களே! தூங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி எனக்குச் செவி தந்திருக்கும் தாய்மார்களே! இரும்புலியூர் உறவுகளே! வணங்குகிறேன்.

என் தலைக்கு மேலே தொங்கும் பேனரைப் பாருங்கள். 'புதிய பேரினம் கண்ட எங்கள் ஷீலா' என்கிறது. அன்பர்களே, அந்தப் பேரினம் இன்று இல்லை! கண்டவரே கலைத்துவிட்டார்! பிறகு எதற்கு விழா? பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

காட்டாங்குளத்தூர்ப் பல்கலைக்கழகத்தில் நம் ஷீலா ஆராய்வது இலைப்பேனை. மிளகாய்ச் செடியின் இலையைச் சுருட்டுமே, அந்தக் கூட்டம்தான். எள்ளில் பாதி உடல். இறகின் ஓரமெல்லாம் மெல்லிய மயிர்.

என்ன சிட்டிபாபு? "பேனு தான சார், நசுக்கிப் போட்டா மேட்டர் முடிஞ்சிச்சு" என்கிறீரா? பொறும் ஐயா, நசுக்குமுன் கதையைக் கேளும்!

அந்தமானுக்கு அப்பால் ஒரு குட்டித் தீவு. பூத்த கிளையின் கீழே வெள்ளைத் தட்டைப் பிடித்துக்கொண்டு தட்டினார் ஷீலா. விழுந்தது ஓர் இலைப்பேன். இறகே இல்லை! தெரிந்த பேரினம் எதிலும் சேராத முகம். 'இது தனிப் பேரினம், தனி வம்சம்' என்று எழுதினார். காய்ச்சலுக்குப் பறிகொடுத்த தம்பி ஜாய்சனின் பெயரை அந்தப் பேரினத்துக்குச் சூட்டினார். அன்று தாய் தபீதாள் அம்மா அழுத அழுகை நம் தெருவுக்கே தெரியும். மகன் போனான், பெயராவது நிற்குமே!

நின்றதா? மரபணுவை ஒப்பிட்டுக் குலமரம் வரைந்தபோது, தீவுப் பூச்சி தனிமரமாய் நிற்கவில்லை. நம் ஊர்ப் பூச்சிகளின் கிளைகளுக்கு நடுவே ஒரு சின்னத் துளிராய் இருந்தது. மிக நெருங்கிய சொந்தம் எது தெரியுமா? தபீதாள் அம்மா வாசலில், புங்கம்பூவுக்குள் குடியிருக்கும் இலைப்பேன்!

கண்ணை மூடி எண்ணிப் பாருங்கள். என்றோ ஒரு காற்று. நம் கரையின் பூவொன்றிலிருந்து எழுந்தது ஒரு துளி உயிர். கீழே கடல், மேலே நிலவு, போகுமிடம் அறியாத பயணம். தீவில் இறங்கியது. அங்கே பறந்ததைக் கடல் கொண்டது, பறக்காதது பிழைத்தது. தலைமுறை தலைமுறையாய் இறகு குறுகிக் குறுகி இல்லாமலே போயிற்று. இறகு போனால் உறவு போகுமா? பெரும்பாக்கம் அடுக்குமாடிக்குக் குடிபோனவர் நம் பங்காளி இல்லையென்று ஆகிவிடுமா?

தபீதாள் அம்மா மகளிடம் கெஞ்சினார். "நீயா சொல்லலைன்னா யாருக்கும்மா தெரியும்? தம்பி பேரு இருந்துட்டுப் போகட்டுமே."

"எனக்குத் தெரியுமேம்மா. சொந்தத்தை அந்நியம்னு எழுதி, அதுலயா அவன் பேரு இருக்கணும்?"

அழுதுகொண்டேதான் அந்தப் பேரினத்தை நீக்கி எழுதினார் ஷீலா. அந்த நேர்மைக்குத்தான் ஐயா இந்த மாலை! பேனரைக் கழற்றச் சொன்ன தலைவரிடம், இந்தக் கதையைச் சொல்லத்தான் இருக்கட்டும் என்றவன் நான்தான்.

இன்று காலை தாயையும் மகளையும் விழாவுக்கு அழைக்கப் போனேன். வாசலெல்லாம் புங்கம்பூ. தினமும் அதைத் திட்டிக்கொண்டே பெருக்கும் தபீதாள் அம்மா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றிருந்தார். மிதிக்கப் போன என்னைக் கைநீட்டித் தடுத்தார்.

"பாத்து வாங்க சார். ஜாய்சனோட சொந்தக்காரங்க இருக்காங்க."

செவிமடுத்த நெஞ்சங்களுக்கு நன்றி. வீடு திரும்புகையில், புங்கமரத்தடியில் மட்டும் கொஞ்சம் மெல்ல நடந்து போங்கள். வணக்கம்!