இரண்டு சொம்பு மழை

செஞ்சிக்கு மழை பெய்ய வைத்தவன் நான்தான் அம்மா. மேகம் வேண்டாம், யாகம் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் சொம்பு போதும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன் என்றால் ராஜகிரி உச்சி வரைக்கும் நனைந்துவிடும். நீங்கள் நம்பவில்லை, முகத்திலேயே தெரிகிறது. மண்டகப்பட்டுக் கருவியும் சீயமங்கலத்துக் கருவியும் பூஜ்யம் காட்டும்போது செஞ்சியில் மட்டும் எப்படி மழை என்று கேட்கத்தானே கருவிக் கம்பெனி உங்களை அனுப்பியிருக்கிறது. உட்காருங்கள். டீயை மெதுவாகக் குடியுங்கள், அவசரமில்லை.

நான் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவன். நான் இருமினால் திருவண்ணாமலை வண்டி கிளம்பும், தும்மினால் திண்டிவனம் வண்டி ரிவர்ஸ் எடுக்கும். அப்படிக் கூட்டத்தில் இருந்தவன். இப்போது மனைவி ராஜம்மாள் போட்டோவில் இருக்கிறாள். மகன் விமல்ராஜ் கனடாவில். வீட்டில் என்னிடம் பேசுவது குக்கர் ஒன்றுதான். அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்ளும்.

நிழல் விழாத மாடி என்று உங்கள் ஆட்கள்தான் வந்து மழை அளக்கும் கருவியை வைத்தார்கள். கால் மணிக்கு ஒரு தரம் அது அளந்ததை அனுப்பும். போய்ச் சேருகிற இடத்தில் ஏபிஐ என்று ஒரு வாசல் இருக்கிறதாம். யார் வந்து ‘செஞ்சியில் மழை எவ்வளவு’ என்று கேட்டாலும் என் மாடி சொன்னதை அப்படியே ஒப்பிக்கும். விமல்ராஜ் தன் போனை அந்த வாசலில் காவல் வைத்திருக்கிறான். இங்கே மழை விழுந்தால் கனடாவில் மணி அடிக்கும்.

மழை விழுகிற புனலில் காக்கா எச்சம் அடைத்துக்கொள்ளும். கழுவுவது என் பொறுப்பு. கழுவுமுன் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தத் தண்ணீரைக் கருவி கணக்கில் சேர்க்காது. ஒருநாள் மறந்துவிட்டேன். சொம்பைக் கவிழ்த்துவிட்டுக் கீழே இறங்கிக் கொஞ்ச நேரத்தில் போன்.

"நைனா, அங்க மழையாமே. துணியெல்லாம் எடுத்துட்டியா?"

தீபாவளிக்குப் பிறகு அன்றுதான் அவன் குரலைக் கேட்டேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

"கொட்டுதுடா. பஸ் ஸ்டாண்டுல படகு வுடலாம்" என்றேன்.

சத்தம் கேட்கவேண்டும் என்றான். பாத்ரூம் குழாயைத் திறந்து போனைப் பக்கத்தில் பிடித்தேன். அரைமணி நேரம் பேசினான்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பொத்தானை மறக்கவே இல்லை. அழுத்தவில்லை, அவ்வளவுதான்.

பச்சைமுத்து எனக்குப் பால் ஊற்றுகிறவன். சிங்கவரம் பக்கம் மானாவாரியில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போட்டிருந்தான். மூன்று வாரம் தொடர்ந்து மழையில்லாமல் போனால் அவனுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்கும். அந்த இன்ஷூரன்ஸ் கம்ப்யூட்டரும் அதே வாசலில்தான் வந்து கேட்கும். கேட்பது மகனா கம்பெனியா என்று வாசலுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பச்சைமுத்துவே சொல்லியிருந்தான். சொன்ன நாளிலிருந்து நான் சொம்பைத் தொடவில்லை. என்னிடமும் நியாயம் இருக்கிறது பாருங்கள்.

"நாளைக்கி ஒரு நாள் தாண்டிட்டா போதும் சார்" என்றான். "செடி காஞ்சி பூட்ச்சி. அந்தப் பணத்துல எம் பொண்ணு சுவாதிய மட்டும் கரை ஏத்திடுவேன். நர்சிங் கடைசி வருசம்."

நல்ல பெண் சுவாதி. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் ராஜம்மாளுக்குத் திதி. படையல் போட்டுவிட்டுச் சாயங்காலம் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். விமல்ராஜ் மறந்துவிட்டான். பச்சைமுத்துவின் மல்லாட்டைக் கொல்லை காய்ந்த அத்தனை நாளும் நானும்தான் காய்ந்திருந்தேன். அவன் காய்ந்ததை அளக்கக் கருவி உண்டு.

ஒரு சொம்பு ஊற்றினால் தூறல்தானே என்று விமல்ராஜ் கூப்பிடாமல் இருந்தாலும் இருப்பான். இரண்டு ஊற்றினேன்.

போன் வந்தது. மழையைப் பற்றித்தான் பேசினான். அம்மா பேச்சு வரவில்லை.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் பச்சைமுத்து ஒரு சொட்டுகூட விழவில்லை என்று கத்தினானாம். திரையைத் திருப்பிக் காட்டினார்களாம். கலெக்டரிடம் மனு கொடுத்தான். விசாரிக்க வந்தவர்கள், கருவி உங்கள் மாடியில்தானே இருக்கிறது, பெய்ததா என்று என்னைக் கேட்டார்கள். நல்ல மழை, மாடிப்படியில் வழுக்கி விழப் பார்த்தேன் என்றேன். வந்தவர்கள் டீ குடித்தார்கள். நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

டீக்கடையில் பச்சைமுத்துவைப் பார்த்தால் "இன்னா, குடை எடுத்தாரலியா" என்று கேலி பேசினார்கள். சுவாதி படிப்பை விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள்.

போன வாரம் பச்சைமுத்து வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தான். நான் கெட்டவனாக இருந்தால் வந்து உட்காருவானா, சொல்லுங்கள்.

"மாட்ட வித்துட்டேன் சார். நாளையிலேர்ந்து பாலுக்கு வேற ஆளு பாத்துக்கோங்க."

"இன்னாப்பா, எம்மேல கோவமா?"

உண்மையைச் சொல்லலாம் என்று எனக்கும் தோன்றியது. சொன்னால் எழுந்து போய்விடுவான். தம்ளரில் இன்னும் பாதி டீ இருந்தது.

அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"உங்க மேல எதுக்கு சார் கோவம். மிஷினு பொய் சொல்லும்னுதான் இத்தினி நாளும் சண்ட போட்டேன். நீங்களே கண்ணால பாத்தேன்னுட்டீங்க. நீங்க எதுக்குப் பொய் சொல்லப் போறீங்க? பெஞ்சிதான் இருக்கும் சார்."