சாக்ஸ் போடாத கல்யாணம்

பனச்சமூட்டில் பஸ் ஏறிய அண்ணனும் தங்கையும் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். கல்யாணம் தங்கைக்கு. அவள் மடியில் துணிக்கடைப் பை இருந்தது.

"ஆம்பிளைகள் ஷூவுக்கு சாக்ஸ் போடப்பிடாது அண்ணே. அதாக்கும் பிரெப்பி."

"அப்பிடின்னா என்ன மக்கா?"

"பெரிய காலேஜுல படிக்கிற பணக்காரப் பிள்ளைகளுக்க ஸ்டைல். மாப்பிள வீட்டில அப்பிடித்தான் வேணுமாம். ஆம்பிளைகளுக்கு நீலக் கோட்டு, பொம்பிளைகளுக்கு வெளிறின ரோஸ்."

"நாதஸ்வரம்?"

"அது பிரெப்பி இல்ல."

"வாசல்ல குலைவாழை?"

"அதும் இல்ல. போட்டோவுக்கு நல்லா இருக்காதாம்."

"அப்பா வேட்டி உடுக்கலாமா?"

"அப்பாவுக்கும் கோட்டு தைக்கக் குடுத்தாச்சு."

அண்ணன் வெளியே ஓடிய ரப்பர் மரங்களிலிருந்து அவள் பக்கம் திரும்பினான்.

"அப்போ பந்தல் வாசல்ல நான் மாப்பிளைக்கு கால் கழுவுற சடங்கும் வேண்டாம், இல்லியா?"

தங்கை பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அது உண்டு அண்ணே. அத விடப்பிடாது, நம்ம பாரம்பரியமாக்கும்னு மாப்பிளைக்க அம்ம சொல்லியாச்சு."

"கோட்டப் போட்டுட்டு நான் குனிஞ்சு கழுவணும்?"

"ம். நம்ம வீட்டுப் பழைய பித்தளக் கிண்டியத் தேச்சு, அதுல தண்ணி கொண்டு வரணுமாம். போட்டோவுக்கு நல்லா இருக்குமாம்."

அண்ணன் அவள் மடியிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"செரி மக்கா. சாக்ஸ் ஏன் வேண்டாம்னு இப்பம் எனக்கு வெளங்கிச்சு."