வேலி தாண்டிப் போன துளசி

— யோகம்மாக்கா, அந்தத் துளசியில மொய்க்கிறது என்னன்னு கிட்டப் போய்ப் பாருங்க. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து எனக்கே தெரியுது.

— தேனீயா இருக்கும், ஆசியா. பூத்திருக்கெல்லோ.

— தேனீயா? மஞ்சக் கோடு போட்ட ஈ அக்கா. போன வருசம் உங்க மாங்காயில குத்தி முட்டை வச்சு, பூராவையும் புழுவாக்கிச்சே, அதே சனியன்தான்.

— விசர்க்கதை கதையாதை. அந்த வாசத்துக்குப் பூச்சி கிட்டவும் வராது எண்டுதானே மாமரத்தைச் சுத்தித் துளசி நட்டனான்.

— வராதுன்னு யாரு சொன்னா?

— ஆர் சொல்லவேணும்? துளசி வைச்ச பிறகு முற்றத்தில நுளம்புக்கடி குறைஞ்சுது. அப்ப ஈயும் வராதுதானே. எங்கட இவரும் ஓமெண்டவர். துறைமுகக் கந்தோரில அத்தனை வருசம் உத்தியோகம் பாத்த மனுசன் பிழையாச் சொல்லுவாரே?

— அம்பிகைபாகன் அண்ணே கப்பலப் பாத்தவரு, ஈயப் பாத்தவரு இல்ல. குனிஞ்சு பாருங்க லா. இலைய நக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கு. கைய ஆட்டுங்க, போகுதான்னு பாப்போம்.

— கோதாரி, போகுதில்லையே.

— எப்படிப் போகும்? கந்தூரிச் சோத்துக்கு ஒக்காந்தவன் பாதியில எழுந்திரிப்பானா?

— அப்ப ரெண்டு வருசமா நானே கூப்பிட்டு வைச்சு விருந்து போட்டிருக்கிறன். இருக்கிற ஈயெல்லாம் இஞ்சை வந்து துளசியைத் தின்னுறது, பிறகு அண்ணாந்து பாத்து மாங்காயில ஏறுறது. என்ர மண்டைக்கு இது ஏறேல்லையே.

— எங்க கொய்யாவுல ஒரு புழு கெடையாது, தெரியுமில்ல? சுத்தி எலுமிச்சை வாசம் அடிக்கிற செராய்ப் புல்லு வச்சிருக்கேன். காலையில ரெண்டு தாளக் கசக்கி விட்டுட்டா போதும், அந்த மணத்துக்கு ஈ அந்தப் பக்கம் தலை வைக்காது. குழம்புக்கும் ஆச்சு, மரத்துக்கும் ஆச்சு.

— இதை முதலே சொல்லியிருக்கலாமே.

— சாமிச் செடின்னு நட்டிருக்கீங்க. நான் என்னத்த சொல்றது? துலுக்கச்சி வந்து குத்தம் சொல்றான்னு ஆயிடும்.

— நான் எப்பவாவது உன்னை அப்பிடி நினைச்சனானே?

— நெனைக்க மாட்டீங்க. இருந்தாலும் வாய் வரல. அது கெடக்கட்டும், மருந்து வாங்கி அடிச்சா ஒரு நாள்ல முடியிற வேலை. அண்ணேகூட பம்பு வாங்கியாறேன்னாரே?

— மருந்தடிச்ச பழத்தைப் பிள்ளையாருக்குக் குடுக்கிறதோ? நேர்த்தி வைச்ச பழம் ஆசியா. மரத்தில பழுக்கவேணும், புழு இருக்கப்படாது, நஞ்சு படப்படாது, ஒருத்தரும் வாயில வைக்கமுதல் கோயிலுக்குப் போகவேணும். அந்த வருசத்தின்ர முதல் பழம் அவருக்கு. அதுவரைக்கும் நான் மாம்பழம் தொடமாட்டன்.

— அதான் போன சீசன்ல நான் குடுத்தனுப்பின ஹாருமானிஸ் மாம்பழத்த அப்படியே அண்ணேகிட்ட தள்ளிட்டீங்களா? நான்கூட கோவமோன்னு நெனச்சேன்.

— கோவமோ? அந்த வாசம் அண்டு முழுக்க வீட்டுக்குள்ள நிண்டது. வாய் ஊறிச் செத்துப்போனன்.

— அப்படி என்னதான் கேட்டீங்க உங்க பிள்ளையார்கிட்ட? மகனுக்கு ஆஸ்திரேலியா விசாவா?

— இல்லை.

— அண்ணேக்குக் கண்ணு ஆபரேசன்?

— அது நேர்த்தியில்லாமலே நல்லாப் போச்சு. சும்மா நோண்டாதை. செலுத்தி முடிக்கமுதல் வாய்விட்டுச் சொல்லப்படாது. கேட்டது கிடைச்சிட்டுது, அது மட்டும் சொல்லுறன். அவர் தந்திட்டார், நான்தான் இன்னும் குடுக்கேல்லை. இந்த முறை குடுத்தே ஆகவேணும். அடுத்த சீசன் எண்டால் பிந்திப் போகும்.

— சரி, கேக்கல. மம்பட்டி எங்க? இந்தத் துளசியப் பூரா நானே பேத்துடறேன்.

— ஐயோ, துளசியைப் பிடுங்கி எறியிறதோ? பாவம் வந்து விடியும்.

— யாரு எறியச் சொன்னா? வேரோட மண்ணோட எடுத்து பிஸ்கட் டின்னுல வச்சு எங்க வீட்டு வாசல்ல அடுக்கிடறேன். ஈயெல்லாம் ரோட்டுப் பக்கம் வந்து நக்கிட்டுப் போகட்டும். எங்க செராய்ல பாதியப் பேத்து உங்க மரத்தடியில நடுவோம்.

— உன்ர வாசலிலையோ? ஹனீபா தம்பி என்ன சொல்லுவார்?

— காலையில நாசி கண்டார் சோத்துக் கடைக்குப் போனா ராத்திரிதான் திரும்புறாரு. பாத்தா சத்தம் போடுவாரு, போட்டுட்டு சோறு கேப்பாரு. முப்பது வருசமாப் பாக்குறேன்.

— தண்ணி ஊத்துவியே?

— ஊத்துறேன், ஊத்துறேன். உங்க சாமிய வாட விட்டா நீங்க என்னைய விடுவீங்களா?

— உண்மையா ஆசியா, உனக்கு என்ன கைம்மாறு செய்யப்போறன் எண்டு தெரியேல்லை. அது சரி, உன்ர மகள் ரொஸ்னா எப்பிடி? சத்தி நிண்டிட்டுதோ?

— வாந்தி நின்னுடுச்சாம். செபராங் ஜெயாவுல புருசன் வீட்டுலேர்ந்து நேத்து போன் பண்ணா. இப்ப புளிப்பா எதப் பாத்தாலும் விடமாட்டேங்கிறாளாம். எட்டு வருசம் கழிச்சு அல்லா கண்ணத் தொறந்திருக்கான், தின்னட்டும்.

— தின்னட்டும். நல்லாத் தின்னட்டும்.

*

— ஆசியா, எட ஆசியா, இஞ்சை ஓடி வா. காய் முத்திப்போச்சு. ஒண்டிலகூடக் குத்து இல்லை, கண்ணாடி மாதிரி இருக்கு.

— பாத்தேன் பாத்தேன். நான்தான் சொன்னேனில்ல? உங்க செராயும் நல்லாப் பிடிச்சிடுச்சு. எங்க வாசல்லதான் ஈ திருவிழா. நேத்து ஒரு அம்மா ரோட்டுல போனவங்க நின்னு, துளசியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, என் முக்காட்டப் பாத்து ரெண்டு தடவ முழிச்சிட்டுப் போறாங்க.

— ஹனீபா தம்பி?

— கத்தினாரு. அப்புறம் அவரேதான் தண்ணி ஊத்துறாரு. இருமலுக்கு நல்லதுன்னு கடைக்குக்கூட நாலு இலை கிள்ளிட்டுப் போறாரு.

— உன்ர பக்கத்துக் கொப்பில ஒண்டு மஞ்சள் அடிச்சிருக்குப் பார். அதுதான் முதல் பழம். வெள்ளிக்கிழமை பறிச்சுக் கோயிலுக்குக் கொண்டு போகப்போறன்.

— கொண்டு போங்க. கொண்டு போயிட்டு வந்து முதல் வேலையா ஒரு பழத்த முழுசாத் தின்னுங்க. நான் ஒக்காந்து பாக்கணும்.

*

— ஆசியா, அந்தப் பழத்தைக் காணேல்லை. நீ கண்டனியே? கீழயும் விழேல்லை.

— அக்கா, கொஞ்சம் உள்ள வந்து ஒக்காருங்க.

— கோயிலுக்கு முழுகிட்டு வந்து நிக்கிறன். அணில் கொண்டு போயிட்டுதோ?

— அணில்னு சொல்லிடலாம்னுதான் காலையிலேர்ந்து நெனக்கிறேன். உங்க முகத்தப் பாத்துப் பொய் வரமாட்டேங்குது. ரொஸ்னா தின்னுட்டா அக்கா.

— ரொஸ்னாவோ? அவள் எப்ப வந்தவள்?

— நேத்து சாயங்காலம் மாப்பிள்ளை கடல் பாலத்து வழியா கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு. ஏழாம் மாசம் இல்லையா, இனிமே பிரசவம் வரைக்கும் இங்கதான். நான் அடுப்படியில நின்னேன். திரும்பிப் பாத்தா வேலியோரமா ஒக்காந்து கொட்டையச் சூப்பிக்கிட்டு இருக்கா. அவளுக்குத் தெரியாது அக்கா, நேர்த்திப் பழம்னு நான் சொல்லவே இல்ல. என் தப்புதான்.

— முழுக்கத் திண்டவளோ?

— தோலக்கூட விடல. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா முதல் பழம்னு சொன்னீங்களே. வாய் வச்சாச்சே. இந்த வருசமும் போச்சே. நானே கோயில் வாசல்ல வந்து நின்னு உங்க ஐயர்கிட்ட சொல்றேன், குத்தம் எங்களோடதுன்னு. அவளத் திட்டணும்னா திட்டுங்க, உள்ளதான் அழுதுக்கிட்டு இருக்கா.

— அழுகிறாளோ? ஏழாம் மாசத்தில அழ விட்டுட்டு நீ இஞ்சை நிண்டு கதைக்கிறாய். அதுக்குள்ள புழு ஏதும் இருந்ததோ?

— ஒண்ணுமில்ல. தேன் மாதிரி இருந்துச்சாம். தின்னதும் வயித்துல புள்ள ஒரு பொரளு பொரண்டுச்சாம். அக்கா, என்ன இது, சிரிக்கிறீங்களா அழுறீங்களா? எதாவது சொல்லுங்க லா, எனக்குப் பயமா இருக்கு.

— போய் அவளின்ர கண்ணைத் துடைச்சு விடு, ஆசியா. போக வேண்டிய இடத்துக்குப் பழம் போயிட்டுது. எட்டு வருசமா உனக்குத் தெரியாமல் என்ர குசினி அடுப்படியில இருந்து அழுதிட்டுப் போனவள் அவள். நான் பிள்ளையாரிட்ட கேட்டது அவளுக்கு அந்தப் பிள்ளையைத்தான்.